பிந்தாத பன்னிரண்டு மாதம்

சேலைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தியாகராஜா வங்கிக்குள் நுழைந்தபோது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. காவலாளி இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டிருந்தார்.

கிரெடிட் கார்டுப் பிரிவில் அப்துல் ரஹீம் அவனைப் பார்த்துச் சிரித்தான். மாதா மாதம் பார்த்துப் பழகிய முகம்.

"கடைசித் தேதிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு அண்ணே. செக்கைத் தபால்ல போட்டா போதாதா?"

"தபாலுக்கு ரெண்டு நாள். செக் மாற மூணு நாள். நடுவுல ஞாயித்துக்கிழமை வேற. ரிஸ்க் வேணாம் தம்பி."

"கையில என்ன, சாரியா? அண்ணிக்கா?"

"அவளுக்குத்தான். நாளைக்கு வேணும்."

ரஹீம் பில்லை வாங்கிப் பார்த்தான். திருமதி வள்ளிநாயகி தியாகராஜா என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே பழைய பாக்கி மட்டும்தான்.

"ஒரு வருஷமா அண்ணி கார்டையே தொடல. ஒரு செருப்புகூட வாங்கல. என் வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் பாடம் எடுக்கச் சொல்லுங்க லா."

தியாகராஜா பணத்தை எண்ணி வைத்தான்.

கார்டு வள்ளிநாயகியின் பெயரில் எடுத்தது. அதே கணக்கில் அவனுக்கும் ஒரு துணைக் கார்டு இருந்தது. போன வருடம் தொடர்ந்து மூன்று மாதம் கட்டாமல் விட்டதில் பெயர் கெட்டது. வீட்டுக் கடன் கேட்டபோது வங்கி கையை விரித்தது.

டிசம்பரில் அவன் தனியாக வந்து கெஞ்சினான். அப்போதுதான் ரஹீம் ஒரு வழி சொன்னான். "இந்தக் கார்டுல பன்னிரண்டு மாசம் ஒரு நாள்கூடப் பிந்தாம கட்டுங்க. வீட்டுக் கடன் பேப்பரை நானே மேல அனுப்புறேன்."

அன்றிலிருந்து தேதிதான் அவனுக்கு எல்லாம். பில் வந்த அன்றே காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுவான். அக்கரையில் பிறை என்ற ஊரில் அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலை ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வங்கிக்கு வர ஃபெர்ரி ஏறுவான். தைப்பூசம் வந்த மாதம் வங்கி மூடியிருக்கும் என்று ஒரு வாரம் முன்னதாகவே கட்டினான். காய்ச்சலில் ஒரு தடவை ஃபெர்ரியிலேயே வாந்தி எடுத்தான். அன்றும் மூன்று மணிக்குள் கட்டினான்.

ஆறு வயது மகள் சுங்கை பட்டாணியில் பெரியம்மா ஞானாம்பிகை வீட்டில் இருந்தாள். அவனுடைய வாடகை அறையில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. "வீடு வாங்கிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி ஜனவரியில இங்கதான் ஸ்கூல்ல சேப்பேன். அப்புறம் அனுப்ப மாட்டேன்" என்று ஞானாம்பிகை சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் பிள்ளை கேட்பது ஒன்றைத்தான். "வீடு வந்துருச்சாப்பா?"

முன்பணம் கொடுத்துப் பிடித்துவைத்த வீடு. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் வங்கிக் கடிதம் போகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ரஹீம் ரசீதில் வங்கி முத்திரைச் சாப்பைக் குத்தினான்.

"பன்னிரண்டு. ஒரு மாசம்கூட லேட் இல்ல. மேனேஜர்கிட்ட போன வாரமே கேட்டுட்டேன் அண்ணே. கடன் ஓகே."

தியாகராஜா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அந்த வங்கியில் அவன் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"நான் எங்க சைன் பண்ணணும்?"

"நீங்க சாட்சி மாதிரி இங்க, ஓரத்துல." ரஹீம் பாரத்தைத் திருப்பி வைத்தான். "மெயின் சைன் அண்ணி போடணும்."

தியாகராஜா பாரத்தைப் பார்த்தான். கடன் வாங்குபவர் பெயருக்கான இடத்தில் அவள் பெயரைத் தட்டச்சு செய்திருந்தார்கள்.

"என் பேர்ல போடு தம்பி. கட்டினது நான்தானே?"

"யாரு கொண்டாந்து கட்டினாங்கன்னு கம்ப்யூட்டர் பாக்காது அண்ணே. கணக்கு யாரு பேர்ல இருக்குன்னுதான் பாக்கும். நீங்க சும்மா துணைக் கார்டு. பன்னிரண்டு மாசமும் அண்ணி பேர்லதான் ஏறியிருக்கு. உங்க பேர்ல ஒன்னும் இல்ல."

"ஒன்னுமே இல்லியா?"

"இல்ல. உங்க பேர்ல வேணும்னா புதுசா கார்டு எடுத்து, முதல்லேருந்து பன்னிரண்டு மாசம் கட்டணும். அதெல்லாம் எதுக்கு? அண்ணி பேரு இப்ப தங்கம் மாதிரி இருக்கு. யாரு பேர்ல வாங்கினா என்ன, வீடு உங்க வீடுதானே?"

தியாகராஜா ரசீதை நான்காக மடித்தான். மறுபடி பிரித்தான்.

"என்ன அண்ணே, அண்ணி வேலைக்குப் போறாங்களா? லீவு கிடைக்காதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு சைன், அஞ்சு நிமிஷம். நானும் அண்ணிய இன்னும் பாத்ததில்ல, பாத்த மாதிரி இருக்கும்."

காவலாளி மீதிக் கதவையும் இழுத்தார். தியாகராஜா எழுந்து நின்றான்.

"நாளைக்கு அவளுக்கு முதல் திவசம் தம்பி."