காற்று கசியும் இடம்

புகை எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததும் ஹிரோசே டார்ச்சை அணைத்துவிட்டான்.

பானெட்டுக்குள் குனிந்த தலையை உடனே நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

முப்பது வருஷத்துப் பழைய டர்போ கார். ஜப்பானின் அகாகி மலையடிவாரத்தில் இந்த மாதிரிக் கார்களைத் தொடத் தெரிந்த பட்டறை அவனுடையது மட்டும்தான்.

தெய்ஜி அதைக் கொண்டுவருவது இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே புகார். ஊருக்குள் ஒழுங்காக ஓடும். மலைச்சாலையில் ஏறும்போது அழுத்தம் காட்டும் முள் பாதியில் நின்றுவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் துப்பாக்கி சுட்டது போல வெடிக்கும்.

முந்தைய இரண்டு தடவையும் பட்டறைக்கு வந்ததும் கார் சமர்த்தாகிவிட்டது. ஹிரோசே பிளக்குகளை மாற்றினான், டர்போவின் வால்வைக் கழற்றிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை. இன்று மலையிலிருந்து நேராக இழுவை வண்டியில் வந்ததால்தான் மாட்டியது.

கசிவைக் கண்டுபிடிக்கச் சற்று முன்தான் காற்றுக் குழாய்க்குள் புகையைச் செலுத்தியிருந்தான். குழாய் இணையும் ஓரிடத்தில் அது நூலாகக் கிளம்பியது. அங்கே குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இளகியிருந்தது. அளந்து உள்ளே விட்ட காற்று அந்த வழியாகப் போய்விட்டால், அந்தக் காற்றுக்கென்று பீய்ச்சிய பெட்ரோல் எரியாமல் மிஞ்சும். மிஞ்சியது சைலன்சரில் போய் வெடிக்கும்.

கிளாம்ப் தானாக இளகவில்லை. அதன் திருகில் திருப்புளி வழுக்கிய கீறல்கள் புதிதாக மின்னின.

தெய்ஜியின் மனைவி மிசாவோ சுவரோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாமந்திக் கொத்து. அதன் மேல், மிசோ விழுது தடவிச் சுட்ட மஞ்சூ பன் ஒரு பொட்டலம். கஸுமாவுக்கு அது உயிர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே காரில், அந்த மலையில்தான் அவர்கள் மகன் கஸுமா செத்தான். மகன் ஓட்டினான், பக்கத்தில் நான் என்றார் தெய்ஜி. கார் வளைவில் தடம் தவறிச் சரிவில் உருண்டது. ஆம்புலன்ஸ் போனபோது தெய்ஜி பையனை வெளியே இழுத்துப் புல்லில் கிடத்தியிருந்தார். பத்தொன்பது வயசு, வேகத்துக்குக் கேட்பானேன் என்றது ஊர். பள்ளிப் பேருந்து ஓட்டும் மனுஷனுக்கா இப்படி ஒரு பிள்ளை என்று தெய்ஜிக்காக இரக்கப்பட்டது.

நசுங்கிக் கிடந்த காரை மறுபடி ஓடவைத்துத் தரச் சொன்னவர் மிசாவோ. பிள்ளைப்பாசம், பைத்தியம் என்று பேசினார்கள். அன்று அவருக்கு இருந்த தைரியம் மலையைப் பார்த்ததும் போயிருக்கும் என்று ஹிரோசே நினைத்தான்.

தெய்ஜி சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த, டப்பாக் காபி விற்கும் இயந்திரத்துக்குப் போனார். ஹிரோசே நாற்காலி அருகே குந்தினான்.

"அண்ணி, நீங்க இப்படி இளக்கி விட்டுக்கிட்டே இருந்தா ஒருநாள் எஞ்சினே போயிரும். மலைக்குப் போக வேண்டாம்னா அண்ணன்கிட்ட வாய்விட்டே சொல்லிடுங்க."

மிசாவோ அவனை ஏறிட்டுப் பார்த்தார். கோபமில்லை.

"போகணும்னு சொல்றதே நான்தான் தம்பி. பாதி வழியில, ஏதோ சத்தம் வருதுன்னு சொல்லிட்டு அவரு இறங்குவாரு. பானெட்டைத் தூக்கிட்டா உள்ள என்ன பண்றாருன்னு எனக்கு எங்க தெரியுது? திரும்ப எடுத்தப்புறம்தான் வெடிக்க ஆரம்பிக்கும். இன்னைக்கு இழுவை வண்டியைக் கூப்பிட்டது நான்."

"அவரு எதுக்கு அப்படிச் செய்யணும்?"

எதிரே தெய்ஜி இயந்திரத்தில் காசு போட்டுக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்தபடியே மிசாவோ சொன்னார்:

"கஸுமாவைக் கடைசியா குளிப்பாட்டித் துணி மாத்தினது நான். நெஞ்சுக்குக் குறுக்க பெல்ட் தடம் கறுத்துக் கிடந்துச்சு. இடது தோள்ல ஆரம்பிச்சு வலது இடுப்பு வரைக்கும்."

ஹிரோசேயின் கண் தானாகக் காருக்குள் போனது.

ஸ்டீயரிங் வலது பக்கம். அங்கே உட்காருகிறவனுக்குப் பெல்ட் வலது தோளிலிருந்து இறங்கும்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "போலீஸ்ல..."

"அவரு வாயால சொல்லட்டும். அந்த வளைவுல நின்னு, என்கிட்ட."

தெய்ஜி மூன்று காபி டப்பாக்களை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். "என்னடா, கண்டுபிடிச்சியா?"

இதற்குப் பாகமே இப்போது கிடைப்பதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெய்ஜியின் கண்கள் அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தன. ஹிரோசேக்கு அவரை இருபது வருஷமாகத் தெரியும். அவனுடைய இரண்டு பெண்களும் அவர் ஓட்டும் பேருந்தில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவன் அலமாரியிலிருந்து வேறொரு கிளாம்பை எடுத்தான். கனமானது, போல்ட் வைத்தது. திருப்புளிக்கு அசையாது. மாட்டி, ஸ்பேனரால் இறுக்கினான். இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.

"ஆச்சுண்ணே. இனிமே இளகாது."

தெய்ஜி டப்பாக்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். மூன்றும் வைத்தபிறகும் கை மேஜையை விட்டு வரவில்லை.

மிசாவோ எழுந்து ஹிரோசேக்குத் தலைகுனிந்து வணங்கினார். சுற்றிப்போய் இடது கதவைத் திறந்து, பூவோடும் பொட்டலத்தோடும் உட்கார்ந்தார். பெல்ட்டை இடது தோளிலிருந்து மெதுவாக இழுத்து இடுப்பருகே பூட்டினார்.

பிறகு கண்ணாடி வழியாக நேரே மலையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

தெய்ஜி கையில் சாவியோடு வலது கதவருகே நின்றார். கதவைத் திறக்கவில்லை.