இரண்டு பேருக்கான ஸ்பிரிங்

"எனக்கு மட்டும்தான். ஒத்த ஆளு."

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

மெக்கானிக் மிக்கேல் கேட்டது சின்னக் கேள்விதான். வண்டியில் யார் யார் போவீர்கள்? அதற்குத் தகுந்த பின்பக்க ஸ்பிரிங்கைப் போட வேண்டும்.

அதற்குத்தான் வேதமுத்து கூசாமல் இப்படிச் சொல்கிறான்.

அவனுக்கு அடிமுதுகில் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள். பின்னால் உட்கார்ந்து போகலாம். அதுவும் குலுங்காமல் போக வேண்டும். அவ்வளவுதான் அனுமதி.

திங்கட்கிழமை அவன் உப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். எடை மேடையில் உட்கார்ந்து எடை குறிக்கிற வேலை. மூட்டை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்ட ஆளுக்கு நாற்காலி வேலை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

கம்பெனிக்கு ஒன்பது கிலோமீட்டர். உப்பளச் சாலையில் பஸ் கிடையாது.

அவன் படுத்திருந்த மாதங்களில் அவள் வண்டி ஓட்டப் பழகியிருந்தாள். அதே சாலையில்தான் தினமும் மீன் கம்பெனிக்குப் போய் வருகிறாள். எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அவன்தான் ஒருநாளும் பின்னால் ஏறியதில்லை.

இந்தக் கடைக்கு வந்ததும் அந்த லட்சணத்தில்தான். மொத்தம் இரண்டு தெரு. நீ ஓட்டினால் ஏற மாட்டேன் என்று ஒரே அடம். கடைசியில் அவள் வண்டியைத் தள்ளினாள். அவன் சீட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தானும் தள்ளுகிற தோரணையில் கூடவே நடந்து வந்தான். வழியில் மூன்று பேர் வண்டி மக்கரா என்று கேட்டார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான் மகராசன்.

மிக்கேல் இரண்டு ஜோடி ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து சாக்கின்மேல் வைத்தான்.

ஒன்றில் கம்பி மெலிசு. இன்னொன்றில் தடிமன்.

"ஒத்த ஆளுக்கு இந்த மெலிசு மெத்துமெத்துன்னு போகும்ணே. ஆனா ரெண்டு பேரு ஏறுனா அடியோட அமுங்கிரும். பள்ளத்துல விழுந்தா டங்குன்னு நேரா இடுப்புலதான் அடிக்கும்."

"மெலிசே போடு" என்றான் வேதமுத்து.

அவளுக்குக் கோபம் வந்தது.

கடையில் தெரிந்த முகங்கள் நாலு உட்கார்ந்திருந்தன. இந்த மனுஷன் வண்டியைத் தொடக் கூடாதுய்யா, நான்தான் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடலாம். ஸ்பிரிங் சரியாக அமையும். ஆனால் அந்த வெட்கத்தில் திங்கட்கிழமை அவன் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டான்.

சும்மா இருந்தால் இடுப்பு போகும்.

"ரெண்டு பேரு போவோம்" என்றாள்.

யார் ஓட்டுவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மிக்கேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயால் சொல்கிற எதையும் நம்ப மாட்டான். எடையைக் கேட்டால் ஆம்பளை கூட்டிச் சொல்வான், பொம்பளை குறைத்துச் சொல்வாள் என்பான். ஆட்களை வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, பின்சக்கர அச்சிலிருந்து சீட்டுவரைக்கும் ஸ்கேல் பிடித்து அளப்பான். வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பிரிங்கில் கை வைப்பான்.

"அப்ப ரெண்டு பேரும் ஏறுங்க. ரோட்டுல எப்படிப் போவீகளோ அப்படியே உக்காரணும். இடம் மாறுனா அளவு மாறிரும்."

வேதமுத்து எழுந்து போய் ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

பிடித்தபடியே நின்றான்.

பதினோரு வருஷமாக அவன் ஓட்டிய வண்டி. அவளைப் பெண் பார்க்க வந்ததும் இதில்தான்.

ஏறிவிடாதே ராசா, ஏறிவிடாதே என்று அவள் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் கையை எடுத்தான்.

"நீ ஏறு" என்றான், அவளைப் பார்க்காமல்.

அவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினாள். பின்னால் அவன் மெல்லக் காலைத் தூக்கிப் போடுவது தெரிந்தது. வலியில் மூச்சு வாங்குவதும் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கடையில் இருந்த நாலு பேரும் இங்கேதான் பார்த்தார்கள்.

மிக்கேல் ஸ்டாண்டை எடுத்துவிட்டான். குனிந்து ஸ்கேலை வைத்தான். புருவத்தைச் சுருக்கினான்.

"என்னண்ணே, பின்னாடி ஆளே இல்லாத மாதிரில்லா காட்டுது?"

அவள் கீழே பார்த்தாள்.

அவன் இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தான். சீட்டில் பட்டும் படாமலும் இருந்தான்.

"காலைத் தூக்கி மேல வைங்கண்ணே. மதினி பிடிச்சுக்கிடுவாக."

அவள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள்.

ஒரு செருப்பு தரையை விட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் மற்றதும் விட்டது.

வண்டி இறங்கியது. லேசாக ஒரு பக்கம் ஆடியது. அவன் எடை மொத்தமும் அவள் காலுக்கு வந்தது. ஊன்றிக்கொண்டாள்.

"கனக்குதோ?" என்றான், காதுக்குப் பக்கத்தில்.

"கனக்கத்தான் செய்யுது. அசையாம இருங்க."