கல்யாண நாள் கைக்கடிகாரம்

நின்றுபோன கடிகாரம் மனைவியின் கண்ணில் படுவதற்குள் ஓடியாக வேண்டும். நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர், பூங்கா வாசலில் வாடகை வண்டி பிடித்து நேரே கடிகாரக் கடைக்கு வந்துவிட்டார்.

"கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரி ஆசையா வாங்கிக் கொடுத்ததுப்பா. காலையில நடக்கப் போறப்ப அவளே கட்டிவிடுவா. வந்ததும் கழட்டி பீரோவுல வெச்சுப் பூட்டிடுவா. அவ்வளவு பாசம்!"

கடைக்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். உள்ளே சக்கரங்களுக்கு நடுவே, மாதுளை முத்துகள் மாதிரி குட்டிக் குட்டிச் சிவப்புக் கற்கள். அவற்றுக்கு மேலே அரைவட்டத் தகடு ஒன்று வழுக்கிக்கொண்டு சுழன்றது.

"என்ன வேலைப்பாடு! ஒரு குறையும் இல்ல சார். கை வீசி நடந்தா இந்தத் தகடு சுத்தும், அதுல உள்ள இருக்கிற சுருள்வில்லு முறுக்கேறிக் கடிகாரம் ஓடும். நீங்க தினம் நடக்கிறீங்கதானே?"

"நடக்கிறேன்... பெஞ்சு வரைக்கும்." அவர் குரல் இறங்கியது. "அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு அரட்டைதான். அவளுக்குத் தெரிஞ்சா காப்பியில சர்க்கரை போடமாட்டாப்பா. இன்னைக்கு மட்டும் சாவி கொடுத்துடேன்!"

"இதுக்குச் சாவியே கிடையாதே சார்." கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். "வைரம் பதிச்சது, தங்கப் பட்டை போட்டதுன்னு எத்தனையோ காட்டினேன். இங்க வந்த உங்க வீட்டம்மா எதையும் திரும்பிப் பார்க்கல. 'சாவி இல்லாம, நடந்தா மட்டும் ஓடுற கடிகாரம் இருக்கா'ன்னு கேட்டு இதை வாங்கினாங்க."

வெளியே காத்திருந்த வண்டியை அனுப்பிவிட்டு, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.