வாடையில்லாத ஞாயிறு

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் கில்பர்ட்டின் ஞாயிற்றுக்கிழமை. பாகங்களைப் பெட்ரோலில் கழுவத் தீப்பயம். மண்ணெண்ணெயில் கழுவினால் மனைவி ரோஸ்லினுக்கு அந்த வாடையில் தலைவலி வந்துவிடும். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் அவனுடைய வேலை ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. அன்று அவன் பாத்திரம் கழுவும் ஒரு பழைய சிங்க்கை டிரம்மின் மேல் பொருத்தி, மீன்தொட்டி மோட்டாரை ஒரு குழாயோடு உள்ளே இறக்கி, கிரீஸ் போக்கும் சோப்புத் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து ஊற்றினான். குழாயில் நுரை வந்தபோது வாசலில் ரோஸ்லின் நின்றிருந்தாள்.

"இன்னைக்கு வாடையே இல்லையே."

"தண்ணியில கலக்குற மருந்து. நீ வருவேன்னுதான் வாங்கினேன்."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பிரஷ்ஷக் குடுங்க."

கரியேறிய கார்புரேட்டர் அவள் கையில் பளபளத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஷெட்டில் இருந்த அழுக்கெல்லாம் தீர்ந்துபோனது.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டாள்.

"ஏன் இல்லாம?" என்ற கில்பர்ட், காலையில்கூட ஒரே உதையில் கிளம்பிய தன் ஸ்கூட்டரின் முன்னால் உட்கார்ந்து முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.