நாலாவது கால்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, விண்கலம் பூட்டும் கூடத்தில், நாலு தட்டுகளில் மூன்றில் மறுபடியும் மஞ்சள் புள்ளி முளைத்திருந்தது.

புள்ளி என்றால் கிருமி. கலத்தின் ஒவ்வொரு காலிலும் பஞ்சை ஒற்றி, ஒரு தட்டில் தடவி வைத்துப் பார்ப்பது வழக்கம்.

கூடத்தின் சுத்தத்துக்குப் பொறுப்பானவர் தட்டுகளை விளக்கடியில் பிடித்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சோப்பக்கா என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

வேறொரு கோளில் உயிர் உண்டா என்று பார்க்கப் போகிற கலம். இங்கிருந்தே உயிரைச் சுமந்துகொண்டு போகக் கூடாது. இந்த மாதம் தவறினால் அந்தக் கோள் மறுபடி பக்கத்தில் வர இரண்டு வருடம்.

கூடத்தில் ஈரம் இல்லை. தின்ன ஒன்றும் இல்லை. கலத்தைச் சூட்டறையில் வைத்து வாட்டியாகிவிட்டது. ஓர் உயிர் பிழைக்க என்னென்ன வேண்டும் என்று படித்திருந்தாரோ, அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தார்.

அப்படியும் முளைத்தது. துடைக்கத் துடைக்கப் பெருகியது.

எரிச்சலைக் கொட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. துடைக்கிற நாலு பேரில் இளையவள், என்றோ ஒருநாள் முகக்கவசத்துக்குள் தும்மியவள், அகப்பட்டாள்.

"உன் மூக்குலேர்ந்துதான் எல்லாம் குடியேறுது. நீ வீட்டுல இரு."

போன வாரம் அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். கலத்தை இன்னொரு தடவை வாட்டினார்கள். இன்னொரு தடவை துடைத்தார்கள்.

இப்போது மூன்று தட்டில் புள்ளி. நாலாவது பளிச்சென்று இருந்தது. அது அந்தப் பெண் துடைத்துவந்த காலின் தட்டு.

சோப்பக்காவுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, ஆளை மாத்தினதும் சுத்தமாயிடுச்சு. அவ துடைச்ச காலை இப்ப யார் துடைச்சது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இவர் துடைச்சிருப்பார்னு நான் விட்டுட்டேன்க்கா," என்றார் ஒருவர். மற்ற இருவரும் அதையேதான் நினைத்திருந்தார்கள்.

சோப்பக்கா கத்த வாயெடுத்தார். கத்தவில்லை. துடைக்கும் திரவத்தின் கேனைத் திறந்து, புதுத் தட்டு ஒன்றில் ஒரு சொட்டு விட்டு மூடினார்.

இரண்டு நாளில் தட்டு முழுக்க மஞ்சள் பிடித்தது. எதைக் கொல்லத் திரவத்தை ஊற்றினார்களோ, அது அந்தத் திரவத்தையே தின்று வளர்ந்திருந்தது.

அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டார்கள். திரவத்தை மாற்றினார்கள். கலம் குறித்த நாளில் கிளம்பியது.

இந்தக் கலத்தைக் கட்டியதே, அந்தக் கோளில் முன்பு போய் இறங்கிய வேறொரு கலம் மண்ணில் உயிரின் தடயம் தெரிவதாகச் செய்தி அனுப்பியதால்தான். அந்தக் கலத்தைத் துடைத்து அனுப்பியதும் சோப்பக்காதான், அதே பழைய திரவத்தால்.