டிசம்பர் வெயில்

“ஆஸ்திரேலியாவுக்குத் தலைநகரம் சிட்னிதானேம்மா?”

“இல்ல சார், கான்பெரா.”

எதிரே இருந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. காலடியில் புத்தம்புதுப் பெட்டி. கைப்பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை.

“அடக் கடவுளே! சிட்னின்னு எழுதித் தொலைச்சிட்டேனே!”

“எதுல சார், விசா ஃபாரத்துலயா?”

“அதில்லம்மா... அது வேற.”

அந்த டிராவல்ஸ் அலுவலகத்தில் ஆறு வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிற பெண் அவள். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. “எப்ப கிளம்பறீங்க சார்? தேதி சொன்னா டிக்கெட் பார்த்துடலாம்.”

“டிக்கெட்டெல்லாம் வேண்டாம். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும். டிசம்பர்ல அங்க பனி கொட்டும்தானே?”

“டிசம்பர்ல அங்க கோடை சார். வெயில் மண்டையைப் பொளக்கும். ஜூன், ஜூலைதான் குளிர்காலம்.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “போச்சு! ரெண்டு கம்பளி போர்த்தியும் குளிர் அடங்கலைன்னு வருஷா வருஷம் எழுதினேனே!”

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் வந்தவரைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் வரைபடத்தை மேஜையில் விரித்தாள்.

“ரொம்பப் பெரிய நாடு சார். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் எல்லாம் இந்தக் கிழக்குப் பக்கம், கடலோரமா இருக்கு. ஜனமும் இங்கதான் அதிகம். நடுவுல போகப் போக ஆள் நடமாட்டமே இல்லாத செம்மண் காடு. அதுல ஒத்தையா நிக்குது பாருங்க, உலுருன்னு ஒரு பாறை. பொழுது சாயறப்போ நெருப்பாட்டம் செவந்துடும். மேற்கே, இந்தக் கோடியில பெர்த். சிட்னியில ரயில் ஏறினா அங்க போக மூணு ராத்திரி ஆகும்.”

“மூணு ராத்திரியா? காலையில பெர்த் போய்ட்டு சாயங்காலமே ரூமுக்குத் திரும்பிட்டதா...” சட்டென்று நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாக ஊரை ஏய்க்கிற ஆசாமியோ?

“சார், நேராவே கேக்கறேன். நீங்க அங்க போகப் போறீங்களா, இல்ல யாரையாவது அனுப்பப் போறீங்களா?”

“ரெண்டும் இல்லம்மா. நான் அங்கேருந்து வந்துக்கிட்டிருக்கேன்.”

வரைபடத்தைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியேறினார். அடுத்த வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்த பிறகும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்தது அவருடைய பதினொரு வயது மகள். மூன்று வயதில் தோளில் தூங்கியவள், இப்போது நெஞ்சளவு வளர்ந்து நின்றாள்.

“பாருடி, சிட்னியிலேருந்து அப்பா வந்தாச்சு!” உள்ளிருந்து ஓடி வந்த மனைவியின் குரல் தேவைக்கு மேல் கணீரென்று ஒலித்தது. “பார்த்ததெல்லாம் அவளுக்குச் சொல்லுங்க. குளிக்கத் தண்ணி சுட வெச்சுட்டு வரேன்.”

அவர் வரைபடத்தை எடுக்காமலே ஆரம்பித்தார்.

“சிட்னியில கடலை ஒட்டி ஓபரா ஹவுஸ் இருக்கும்மா. கூரை கப்பல் பாய் விரிச்ச மாதிரி, வெள்ளை வெளேர்னு... அப்புறம், டிசம்பர்ல பனின்னு லெட்டர்ல எழுதினேன் பாரு, அது சும்மா விளையாட்டுக்கு. உலுருன்னு ஒரு பாறை...”

மகள் இமைக்காமல் கேட்டாள். குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதும் நெருங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“ஜெயில் வாசலுக்கே வந்து உங்களைக் கூட்டிட்டு வரணும்னு ஆசையா இருந்துச்சுப்பா,” என்றாள் மெதுவாக. “எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க, அதான் வரல.”