விடைபெறும் தேர்வு

புதன்கிழமை வந்தால் துரைப்பாண்டி சவரம் செய்துகொள்வார். அன்றுதான் பல்கலைக்கழகத்திலிருந்து சுடர் வருவாள். சமூகப்பணி முதுகலை படிக்கும் இயந்திரம் அவள். மனைவி இறந்தபின் தனியாளாகிவிட்ட அவர்தான் அவளுடைய களப்பணி.

மற்ற தாள்களிலெல்லாம் சுடர் எப்போதோ தேறிவிட்டாள். மீதி இருந்தது விடைபெறுதல் மட்டும். இனி நீ வர வேண்டாம், நானே சமாளித்துக்கொள்வேன் என்று அவர் வாயால் சொன்னால்தான் பட்டம். இரண்டு பருவமாக அவர் சொல்லவில்லை. அவளும் தோற்றுத் தோற்று வந்துகொண்டிருந்தாள்.

"ஐயா, இந்தத் தடவையும் தவறிட்டா என்னை அழிச்சிட்டு உங்களுக்குப் புதுசா ஒருத்தியை அனுப்புவாங்க," என்றாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

துரைப்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? எனக்கு என்ன குறை! தெருமுனைப் பூங்காவுல நாலு சிநேகிதம் பிடிச்சிருக்கேன். தினம் சீட்டாட்டம். நீ வர்றதுதான் இடைஞ்சலா இருக்கு. இனிமே வராதே தாயி, யாரும் வர வேண்டாம். நானே சமாளிச்சுக்குவேன்."

சுடர் கைகூப்பினாள். "நன்றி ஐயா. தேறிட்டேன்."

அவளுடைய சக்கரச் சத்தம் தெருமுனைவரை கேட்டு ஓய்ந்தது. அங்கே இருந்த பூங்காவை இடித்து வருஷக்கணக்காகிறது. வாரந்தோறும் அந்த வெற்றிடத்தைத் தாண்டித்தான் அவள் வந்துபோனாள்.

"இந்தப் பொய்யைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியலை," என்று யாருமில்லாத வீட்டில் சத்தமாகச் சொன்னார் துரைப்பாண்டி. "இதுக்கு எவன் பட்டம் கொடுத்தான்?"